பின் சீட்டில் பிரேக் இல்லை

அம்மா குடிக்கிறாள் என்பதை நாங்கள் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

எங்களுடையது கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி. ஒரு கார், ஒரு ஆசிரியை. ஆசிரியை அம்மா. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் அம்மா இருப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். "பயப்படாதே, என் கால் இருக்கு" என்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் எல்லாருக்கும் சொல்லித் தரும் முதல் பாடம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வசவு. "கண்ணாடியப் பாருன்னா உன் மூஞ்சியையா பாக்குற?" "ஸ்டியரிங்க ஏன் கட்டிப் பிடிச்சுக்கற? அது எங்கயும் ஓடிப்போகாது." அவளிடம் அழாமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

அப்படிப்பட்ட பள்ளியின் அலுவலகத்துக்கு ஒருநாள் பல் டாக்டர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொள்ள வந்த மனிதர். முகம் வாடியிருந்தது.

"மேடத்துக்கு என்மேல ஏதாவது கோவமா?"

"ஏன் டாக்டர்?"

"நேத்து சாயங்காலம் கிளாஸ்ல ஒரு தடவகூடத் திட்டல. ரிவர்ஸ் எடுக்கும்போது குப்பைத்தொட்டிய இடிச்சுட்டேன். 'பரவால்ல கண்ணு, அதுக்கும் வயசாயிடுச்சு'ன்னாங்க."

பெற்ற பிள்ளைகளையே அம்மா கண்ணு என்று கூப்பிட்டதில்லை. என்னைக் கழுதை என்பாள், அண்ணனைத் தடிமாடு என்பாள். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அப்பா இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் இப்போது உட்காரும் மேஜை அவருடையது. யார் எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று நோட்டில் எழுதி அனுப்புவதுதான் அவர் வேலை. சாயங்காலம் கடைசி வகுப்புக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அவரும் காரில் ஏறிக்கொள்வார். அம்மாவுக்கு நேர் பின்னால் உட்காருவார். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வருவார்கள். வண்டி எங்காவது தடுமாறினால் போதும், அப்பாவின் கால் தானாகத் தரையை ஓங்கி மிதிக்கும். அம்மா திரும்பாமலே சொல்வாள்: "அங்க பிரேக் இல்லங்க." வருடக்கணக்காக மிதித்து மிதித்து அந்த இடத்தில் காரின் தரையில் விரித்த மிதியடியே அவர் குதிகால் அளவுக்குத் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

அந்த சீட்டில்தான் அவர் உயிர் போனது. கடைசி வகுப்பில், சத்தமில்லாமல், மாரடைப்பு. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்து பள்ளியைத் திரும்பத் திறந்த அன்று, பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஒரு பெட்டியில் அடுக்கி, அப்பாவின் இடத்தில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். யாரும் அதைத் தொடக்கூடாது. துக்கம் என்று விட்டுவிட்டோம்.

குடியையும் துக்கம் என்றுதான் விட்டோம். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் பொய் சொன்னதாகிவிடும். தூக்கம் வரவில்லை என்று அவள் புலம்பியபோது முதல் பாட்டிலை வாங்கி வந்தவன் அண்ணன். "அரை கிளாஸ் குடிச்சா என்ன, தூங்கினா சரி" என்று தீர்ப்புச் சொன்னவள் அத்தை. கிளாஸைக் கழுவி வைத்தவள் நான். அரை கிளாஸ் முழு கிளாஸாகி, இரவு சாயங்காலமாகி, பல் டாக்டர் வந்து நின்றபோதுதான் மூன்று பேருக்கும் விழிப்பு வந்தது.

எனக்கு வந்தது விழிப்பு இல்லை, பயம். ஏனென்றால் நோட்டில் பெயர் எழுதுகிறவள் நான். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரை, "போங்க, அம்மா இருக்காங்க" என்று நான்தான் அந்தக் காருக்கு அனுப்புகிறேன். அவருக்கும் தெருவில் நடந்து போகிறவர்களுக்கும் நடுவில் இருப்பது அம்மாவின் ஒரு கால்தான். அந்தக் கால் தள்ளாடினால் யாராவது சாவார்கள். நான் செய்த புத்திசாலித்தனம், எல்லாரையும் காலை வகுப்புக்கு மாற்றியது. காலையில் அவள் குடிப்பதில்லை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

பேசிப் பார்க்காமல் இல்லை. மூன்று முறை உட்கார வைத்தோம். மூன்று முறையும் அம்மா "எனக்குக் கிளாஸ் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அதில் ஒன்று விடுமுறை நாள்.

அண்ணனின் வேலை, அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தீ விபத்து ஒத்திகை நடத்துவது. மணி அடித்து, எல்லாரையும் வரிசையாகப் படியில் இறக்கி, வாசலில் நிற்க வைத்துத் தலை எண்ணுவான். அதனால் அவனுக்கு எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டால்தான் மூளை ஓடும். குடிப்பவரிடம் குடும்பம் எப்படிப் பேசவேண்டும் என்று எங்கேயோ படித்து ஒரு தாளில் பதினொரு குறிப்பு எழுதிவந்தான்.

"நாலாவது பாயிண்ட்தான் சிக்கல்" என்றான். "அவங்க எழுந்து போக முடியாத இடமா இருக்கணும்."

"உங்கம்மா எழுந்து போகாத இடம் ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் அத்தை. "அந்தக் காரு."

அத்தை அப்பாவின் அக்கா. முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள். முப்பது வருடமாக அடுத்தவர்களை "சத்தம் போடாதீங்க" என்று சொல்லி அடக்கிவைத்த பேச்சையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு மொத்தமாகப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று அவள் சொன்னது சரி. அம்மா எந்த வகுப்பையும் பாதியில் விட்டதில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு நடுவழியில் பிரசவ வலி வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தான் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய், "இப்படித்தான் ரிவர்ஸ்ல பார்க் பண்ணணும், பாத்துக்கோ" என்று காட்டிவிட்டுத்தான் இறக்கிவிட்டாள். வகுப்பு என்றால் நாற்பத்தைந்து நிமிடம். அதில் மாற்றமில்லை.

ஆக, யாராவது மாணவராகச் சேரவேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அதை வாங்கியதிலிருந்து நான் ஓட்டுவதில்லை. நான் ஓட்டுவதைப் பார்த்து "தள்ளுவண்டி தள்றவங்ககூட வளைவுல யோசிப்பாங்கடி" என்று அம்மா சொன்னதே காரணம். மிச்சம் இருந்தது அத்தைதான்.

"எனக்கென்ன பயம்? தையல் மெஷின் ஓட்டியிருக்கேன்" என்றாள். "அதுவும் கால்லதான?"

அறுபத்தோரு வயதில் கண் பரிசோதனைச் சீட்டு வாங்கி, புகைப்படத்துக்குச் சிரித்து, முறைப்படி சேர்ந்தாள். பழகுநர் உரிமமும் வந்தது. முதலில் அத்தை பேசவேண்டும், பெரியவள் என்பதால். பிறகு அண்ணன் தாளைப் படிப்பான். கடைசியில் நான். எல்லாவற்றையும் யோசித்தோம். ஓட்டுகிறவளால் எப்படிப் பேச முடியும் என்பதை மட்டும் மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

காலை பத்து மணி. அத்தை ஸ்டியரிங் முன்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அம்மா பக்கத்தில், வழக்கமான எவர்சில்வர் ஃபிளாஸ்க்கோடு. பின்னால் நான், நடுவில் அண்ணன், அவனுக்கு அந்தப் பக்கம் பெல்ட் போட்ட கூம்புகள். "அத்தைக்குத் துணைக்கு வந்தோம்" என்று நான் சமாளிக்க ஆரம்பித்தேன். இது என்ன பஸ்ஸா என்று கேட்டு எங்களை இறக்கிவிடுவாள், அப்புறம் என்ன செய்வது என்று அண்ணன் அதற்கும் ஒரு குறிப்பு வைத்திருந்தான்.

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க, வாங்க. எல்லாரும் வாங்க. ஜாலியா போகலாம்."

கார் முழுக்கப் புதினா மிட்டாய் வாசனை. நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் தாளைப் பார்த்தான். காலை பத்து மணிக்கு அம்மா ஜாலியாக இருப்பதற்கு அதில் குறிப்பு இல்லை.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எதையோ மிதித்தாள், வண்டி தவளை மாதிரி இரண்டு குதி குதித்துத் தெருவுக்கு வந்துவிட்டது.

"பிரமாதம் அண்ணி!" என்றாள் அம்மா.

"அம்மாடி, நாங்க எல்லாரும் உன்மேல... இது எது, கிளட்ச்சா? உன்மேல அக்கறை உள்ளவங்க... ஐயோ, எதிர்ல லாரி வருதே!"

"அது நிக்குது அண்ணி. நீங்க பாட்டுக்குப் போங்க."

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் அகலமான தெருவுக்குள் நுழைந்தோம். பயிற்சிக்கு அம்மா எப்போதும் வரும் தெரு, ஆள் நடமாட்டம் குறைவு. அத்தை மூச்சு விடுவதையே நிறுத்தியிருந்ததால் பேச்சும் நின்றுவிட்டது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளைப் பிரித்தான்.

"ஒண்ணு. நாங்க உன்மேல ரொம்ப அன்பா இருக்கோம்."

எல்லாரும் படிக்கட்டு வழியாக இறங்குங்கள் என்று சொல்லும் அதே குரல்.

"நானும்தான்டா கண்ணு" என்றாள் அம்மா.

அண்ணன் படிப்பதை அப்படியே நிறுத்திவிட்டான். முப்பத்து நான்கு வருடம் தடிமாடாக இருந்தவன். தாளில் எந்த வரியில் இருந்தோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. "ரெண்டு" என்றான். மறுபடியும் "ரெண்டு" என்றான்.

அப்போதுதான் நான் முன்னால் பார்த்தேன். தெருவின் நடுவில் ஒரு தொழிலாளி குனிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெயிண்ட் டப்பா. அத்தை வண்டியை அந்தக் கோட்டின் மேலேயே, கோடு பிசகாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! பிரேக்!"

"அழகா நேரா போறீங்க அண்ணி..." என்றவள் சட்டென்று பார்த்தாள். பார்த்ததும் மிதித்தாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். செருப்பைக் கழற்றியிருந்த அவள் கால், பலம் முழுவதையும் கொடுத்து மிதித்தது. பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் தரையை.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

நான் கத்திய கத்தலில் அந்த மனிதர் திரும்பிப் பார்த்து ஒரே தாவாகத் தாவினார். டப்பா முன் சக்கரத்தின் அடியில் போய்த் தெறித்தது. அத்தை பயத்தில் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்ள, வண்டி குலுங்கி நின்றது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. அத்தையே வைப்பரைப் போட்டாள், தவறுதலாக. அரைவட்டம் அரைவட்டமாகப் பெயிண்ட் விலகி, அதன் வழியாக அவர் கோபத்தோடு வருவது தெரிந்தது.

"கண்ணு தெரியல உங்களுக்கு? எந்த மடையன்டா கத்துக்..." ஜன்னலில் குனிந்தவர் நிறுத்திவிட்டார். "டீச்சர்? நீங்களா?"

அவரும் அம்மாவிடம் கற்றவர்தான். காலில் முழங்கால் வரை பெயிண்ட். அவர் தொடர்ந்து திட்டியிருந்தால் தேவலை. குழப்பத்தோடு கேட்டார்:

"என் கால் இருக்கு, பயப்படாதேன்னு சொல்வீங்களே டீச்சர். இப்ப எங்க போச்சு?"

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது இன்னும் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

"நான் மிதிச்சேனே" என்றாள்.

"மிதிச்சம்மா" என்றேன். "பிரேக்க இல்ல."

வைப்பர் மட்டும் போய்ப்போய் வந்தது. அம்மா சொல்லத் தொடங்கினாள், கண்ணாடியைப் பார்த்தபடி. குரலில் 'கண்ணு'வும் இல்லை, 'ஜாலி'யும் இல்லை.

"அன்னிக்குக் கடைசி கிளாஸ்ல ஒரு பேங்க் மேனேஜர் ஓட்டினார். வளைவுல ரெண்டு தடவ தப்புப் பண்ணினார். பின்னாடி உங்கப்பா கால் சத்தமே வரல. நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'இன்னிக்குத்தான் ஒழுங்கா வர்றீங்க'ன்னு சொன்னேன்." நிறுத்தினாள். "பாராட்டினேன்டி. வீடு வரைக்கும் சந்தோஷமா வந்தேன். மூணு கண்ணாடி பாக்கறவ நான். மனுஷன் பின்னாடி செத்துட்டிருக்கார், எனக்குத் தெரியல. இந்த சீட்ல உக்காந்தா பின்னாடி சத்தம் வருதான்னு காது போகுது. குடிச்சாத்தான் காது அடங்குது."

நான்கு மாதமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாரடைப்பு என்ற சொல்லே போதும் என்று இருந்துவிட்டோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அத்தைதான் முதலில் பேசினாள். செத்தவர் அவள் தம்பி. கால் இரண்டும் இன்னும் சீட்டின் மேலேயே இருந்தன.

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். சொல்லாமக் கொள்ளாம எழுந்து போயிடுவான். எங்கம்மாவுக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான். இனி என் முறை. தயாரித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, நோட்டுல பேர் எழுதி ஆள அனுப்பறவ நான். இன்னிக்கு இவர் செத்திருந்தா நானும்தான் கொன்னிருப்பேன். நீ குடிய விடற வரைக்கும் ஒரு பேர்கூட எழுத மாட்டேன்."

"பள்ளிக்கூடத்த மூடிடுவியா?"

"மூடுவேன்."

"உங்கப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா முதல் நாளே ஓங்கி மிதிச்சிருப்பார். நாங்கதான் மூணு பேரும் சும்மா உக்காந்து வந்தோம்."

அம்மா கையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்துவதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, பத்து நாள் தங்கவேண்டும், நான் கேட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். தினமும் நோட்டில் பதினொரு மணிக்கு நேராக அவள் பெயரையும் ஆஸ்பத்திரி என்றும் பென்சிலால் எழுதி, தினமும் அழித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"கிளாஸ் முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாள்.

மணியைப் பார்த்தேன். "பதினெட்டு நிமிஷம்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"பதினஞ்சு."

"அப்ப பாதியில விட்டதா ஆகாது" என்றாள். ஃபிளாஸ்க்கை அண்ணனிடம் கொடுத்தாள். கதவைத் திறந்து, அந்தத் தொழிலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் தன் காலையும் வளைந்து போன கோட்டையும் பார்த்தார். "போயிட்டு வாங்க டீச்சர். கோட்ட நான் திரும்பப் போட்டுக்கறேன்" என்றார்.

அம்மா பின்கதவைத் திறந்தாள். கூம்புப் பெட்டியின் பெல்ட்டைத் தானே கழற்றினாள். பெட்டியை அண்ணன் மடியில் வைத்தாள். பெட்டி, ஃபிளாஸ்க் இரண்டையும் கட்டிக்கொண்டு அவன் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தான். மிதியடியில் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள், அப்பாவின் இடத்தில்.

அண்ணனால் அசைய முடியாததால் ஓட்டுவதற்கு மிச்சம் நான்தான். அத்தையை நகரச் சொன்னால் அவள் அம்மாவின் சீட்டுக்கு, அந்த இரண்டாவது பிரேக்குக்கு முன்னால் போய் ஆசையாக உட்கார்ந்தாள்.

"அண்ணி, காலக் கீழ வைக்காதீங்க" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "சம்மணம் போட்டுக்கோங்க."

அத்தை சம்மணம் போட்டுக்கொண்டாள். நான் ஸ்டார்ட் செய்தேன், நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. பின்னாலிருந்து கழுதை என்று வரும், தள்ளுவண்டி என்று வரும் என்று முதுகை விறைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை வண்டி கிளம்பியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், எங்கள் பின்னால் தெரு நெடுக வெள்ளையாக டயர்த் தடம் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வளைவில் கொஞ்சம் வேகமாகத்தான் போய்விட்டேன். பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அம்மாவின் கால், மிதியடியின் அந்த ஓட்டையை ஓங்கி மிதித்திருந்தது.

"அங்க பிரேக் இல்லம்மா" என்றேன்.

"தெரியும்டி, கழுதை" என்றாள் அம்மா. "ரோட்டப் பாத்து ஓட்டு."